ரூபாயில் பெட்ரோல், மில்லியில் ஆயில்: ஒரு எக்ஸெல் இன்ஜினைப் பிரித்த கதை

கொடுங்கையூரில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல் ஹெவி டியூட்டி இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் வண்டி. விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்தில் எடுத்த மீனை ஐஸ் போட்டுப் பெட்டியில் கட்டி, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி வழியாகக் கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை. அப்படி வந்துகொண்டிருந்தபோதுதான் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் இன்ஜின் பிடித்துக்கொண்டது, பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிட்டது. நல்லவேளை, எக்ஸெல்லில் இருப்பது இன்ஜின் சுற்றும் வேகத்தில் தானாகப் பிடிக்கும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச். இன்ஜின் நின்ற நொடியில் கிளட்சும் விட்டுவிடும். பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வண்டி உருண்டு ஓரம் வந்து நின்றது. கியர் வண்டியாக இருந்திருந்தால் அக்காவும் மீனும் ரோட்டில்தான்.

அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் கிக்கர் இறங்கியிருக்கிறது. பக்கத்தில் இருந்த ஒரு மெக்கானிக், "ஆறிடுச்சில்ல, ஸ்டார்ட் பண்ணி மெதுவா ஓட்டினு போ" என்றாராம். அக்கா கேட்கவில்லை. தள்ளிக்கொண்டே வந்து என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "தம்பி, நீயே பாரு. இன்னொருத்தன்கிட்ட போனா எடைக்குப் போடச் சொல்றான்" என்றார். எனக்கு மணலியில் ஷிப்டு வேலை. லீவு நாளில் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களைப் பிரித்துப் போடுவது பழக்கம், அதனால் தெருவில் இந்த மாதிரி வண்டிகள் என்னிடம் வரும்.

அக்கா தள்ளிக்கொண்டு வந்தது எவ்வளவு நல்லது என்று பிரித்தபோது தெரிந்தது. சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் ஒட்டிக்கொள்கிறது, ஆறினால் சுருங்கி விட்டுவிடுகிறது. ஆனால் அதற்குள் பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டரின் உள்துளையின், அதாவது போரின், சுவரில் இழுகியிருக்கும். அந்த இழுகலோடு மறுபடி ஓட்டினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் உடையும், துண்டு அடியில் கிராங்க் சுற்றும் அறையான கிராங்க் கேஸுக்குள் விழும், அப்புறம் கிராங்க் செலவும் சேர்ந்துகொள்ளும்.

ஸ்பேனரை எடுக்கும் முன் டேங்கில் இருந்ததைப் பார்க்க நினைத்தேன். டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜினுக்கு ஆயில் போய்ச் சேருவதே பெட்ரோல் வழியாகத்தான். நான்கு ஸ்ட்ரோக் வண்டியைப் போல அடியில் ஆயில் நிரம்பிய அறை கிடையாது. கிராங்க் கேஸுக்குள் முதலில் நுழைவது கார்புரேட்டரிலிருந்து வரும் காற்றும் பெட்ரோலும்தான். அதில் கலந்து வரும் ஆயில்தான் கனெக்டிங் ராடின் இரண்டு முனை பேரிங்குகளையும் பிஸ்டனையும் ரிங்குகளையும் நனைத்துவிட்டுக் கடைசியில் எரிந்து சைலன்ஸர் வழியாக வெளியேறுகிறது. இது ஒருமுறை வந்துபோகும் ஆயில். வரவு நின்றால் கையிருப்பு ஒன்றும் இல்லை.

பெட்ரோல் டியூபைக் கழற்றி, டேங்கின் டேப்பை ரிசர்வில், அதாவது அடிவரை வடியும் நிலையில் வைத்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். இந்த வேலையை வாசலில், வெட்டவெளியில் செய்ய வேண்டும். பக்கத்தில் அடுப்பு, பீடி, சாம்பிராணி எதுவும் ஆகாது. பாட்டிலை அசைக்காமல் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு அடுக்கு. மேலே ஆயிலின் நிறம் ஏறிய பெட்ரோல். அடியில் மூன்று விரல் உயரத்துக்கு வெளிறிய, லேசாகக் கலங்கிய வேறு ஒரு திரவம்.

தினசரிக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மேல் அடுக்கில் ஒரு சொட்டு, கீழ் அடுக்கில் ஒரு சொட்டு, பக்கத்துப் பக்கத்தில் விட்டேன். பெட்ரோல் பறந்துபோன பிறகு மேல் அடுக்கு விழுந்த இடத்தில் எண்ணெய்க் கறை பளபளவென்று நின்றது. கீழ் அடுக்கு விழுந்த இடம் காய்ந்து தாள் சுருங்கியது, கறை இல்லை. ஆயில் முழுக்க மேலே இருக்கிறது, டேப்போ அடியிலிருந்து உறிஞ்சுகிறது.

இதற்குக் காரணம் பெட்ரோலில் உள்ள எத்தனால். இப்போது பங்க்குகளில் வருவது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பெட்ரோலோடும் கலக்கும், தண்ணீரோடும் கலக்கும், ஆனால் தண்ணீர் மேல்தான் அதற்குப் பிரியம் அதிகம். டேங்கில் கொஞ்சமாகத் தண்ணீர் சேரும்வரை எல்லாம் ஒன்றாகக் கலந்தே இருக்கும். அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். 2டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக்குக்கான ஆயில், பெட்ரோலோடு மேலேயே தங்கிவிடும்.

தண்ணீர் வந்த வழியைத் தேட வேண்டியிருக்கவில்லை. மழைக்காலத்தில் மகள் பிரசவம் என்று அக்கா ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் வண்டி தெருவிலேயே நனைந்துகொண்டு நின்றிருக்கிறது. டேங்க் மூடியின் ரப்பர் வெடித்து, விரலால் தொட்டால் உதிர்ந்தது. அதற்கு மேல் நம் கடற்கரைக் காற்றின் ஈரம். பாதி காலியான டேங்கில் இரவு பகல் சூடு மாறும்போது உள்ளே ஈரக்காற்று போய்வந்து வேர்த்துக்கொண்டே இருக்கும்.

சந்தேகம் இருப்பவர்கள் இ20-ஐ வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அளவுக் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குடுவையில் ஆயில் கலக்காத பெட்ரோல் 100 மில்லி ஊற்றி, அதோடு 10 மில்லி தண்ணீர் சேர்த்து, மூடிக் குலுக்கி வைத்துவிட வேண்டும். தெளிந்ததும் அடியில் 10 மில்லிதான் இருந்தால் எத்தனால் இல்லை. நான் செய்தபோது அடி அடுக்கு 30-க்குச் சற்றுக் குறைவாக நின்றது. சேர்த்த 10 போக மீதி முழுக்கப் பெட்ரோலிலிருந்து இறங்கி வந்தது. சோதித்த பெட்ரோலை மறுபடி வண்டியில் ஊற்றக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். ஹெட்டைக் கழற்றி சிலிண்டரை மேலே இழுத்ததும் பிஸ்டன் கதையைச் சொல்லிவிட்டது. பிடித்துக்கொண்ட பிஸ்டனைத் தூக்கி எறியும் முன் நன்றாகப் பார்க்க வேண்டும். எங்கே உரசியிருக்கிறது என்பதை வைத்து ஏன் உரசியது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இன்ஜின் சூடேறும் முன்பே முறுக்கி ஓட்டியிருந்தால் பிஸ்டனைச் சுற்றி நான்கு இடங்களில் மட்டும் நின்ற கோடுகள் தெரியும், ஏனென்றால் பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிகிறது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் பக்கம் மட்டும் பலமாகக் கீறியிருந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது, அதிகம் சுடும் பக்கம் அதுதான். சுற்றிலும் பாவாடை, அதாவது ரிங்குக்குக் கீழே உள்ள பக்கச்சுவர், முழுக்க, பெட்ரோல் நுழையும் இன்டேக் பக்கம் உட்பட, காய்ந்த உரசல் இருந்தால் ஆயில் போகவில்லை.

இந்தப் பிஸ்டனில் கடைசி இரண்டும் சேர்ந்திருந்தன. எக்ஸாஸ்ட் பக்கம் விரல் அகலத்துக்கு அலுமினியம் உருகி இழுகியிருந்தது. எதிர்ப்பக்கமும் மங்கலான கோடுகள். கீழ் ரிங் ஒரு இடத்தில் பள்ளத்தோடு ஒட்டிப்போயிருந்தது. பிஸ்டன் பின் சுற்றும் சின்ன நீடில் பேரிங்கை எடுத்துத் துடைத்தால் கூண்டில் நீலம் ஏறியிருந்தது. இரும்பு அப்படி நீலமாவது ஆயில் இல்லாத சூட்டில். கனெக்டிங் ராடின் பெரிய முனையை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. சேதம் அதோடு நின்றது பெரிய அதிர்ஷ்டம், கிராங்கைப் பிரிக்க வேண்டியதில்லை.

எத்தனால் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு எழுந்துவிட எனக்கு மனம் வரவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் இதே மாதிரி சூடு இன்னொரு வழியிலும் வரும்: எங்காவது ஓட்டை விழுந்து கூடுதல் காற்று உள்ளே போனால். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட்டைப் பார்த்தேன், ஒழுகிய தடம் இல்லை. கரண்ட் தரும் மேக்னட்டைக் கழற்றி அந்தப் பக்க ஆயில் சீலைப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அங்கே ஈரப் பிசுக்கு இருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கும், சைலன்ஸரில் வெள்ளைப்புகை அடங்காது, கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். அளவு குறையவில்லை. ஆனால் அந்த சீலின் உதடு கெட்டியாகிவிட்டிருந்தது, அதைக் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் ஆயில். "எந்த ஆயில்க்கா ஊத்துறீங்க?" என்று கேட்டதற்குத் தம்பி போட்டில் போகிறான், அங்கேயிருந்து வாட்டர் பாட்டிலில் கொண்டுவந்து தருவான் என்றார். ஃபைபர் போட்டின் அவுட்போர்டு இன்ஜினுக்கு வாங்கியது. அதுவும் டூ ஸ்ட்ரோக் ஆயில்தான், கெட்ட ஆயில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவுட்போர்டு இன்ஜினைக் கடல் தண்ணீர் குளிர வைக்கிறது, எக்ஸெல்லை எருக்கஞ்சேரி டிராஃபிக்கில் வரும் காற்று குளிர வைக்க வேண்டும். அவுட்போர்டு ஆயிலின் டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும். சாம்பல் விடாமல் எரிவதற்காக, குறைந்த சூட்டில் ஓடும் இன்ஜினை மனதில் வைத்துச் செய்தது அது. காற்றில் குளிரும் வண்டி இன்ஜினுக்கு டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று இருக்க வேண்டும். ஜப்பானிய அளவுகோல் இது. எஃப்பி-யைவிட எஃப்சி-யில் புகை குறைவு, எஃப்டி-யில் அதோடு கரி படிவதும் குறைவு. வழியில் ஒருநாள் வேறு ஒன்றும் கிடைக்காமல் அவுட்போர்டு ஆயிலை ஊற்றினால் வண்டி செத்துவிடாது. தினமும் சுமையோடு ஓடும் வண்டிக்கு அது வேண்டாம்.

இன்னொரு பழக்கமும் இங்கே உண்டு. 2டி கிடைக்கவில்லை என்று பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயிலைப் பெட்ரோலில் கலப்பார்கள். அந்த ஆயில் எரிவதற்காகச் செய்ததல்ல. அதில் தேய்மானத்தையும் அழுக்கையும் தடுக்கச் சேர்த்திருக்கும் துத்தநாகம், கால்சியம் கலவைகள் எரிந்தால் சாம்பலாகும். அந்தச் சாம்பல் பிஸ்டன் தலையிலும் பிளக் முனையிலும் கட்டியாகி, தணலாக நின்று, பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். சர்வீஸில் வடித்த பழைய ஆயிலைக் கலக்கிறவர்களைப் பற்றி எழுதி என் ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளப் போவதில்லை.

சிலிண்டரை லேத்துக்குக் கொண்டுபோகும் முன்பே ஜி.பி. ரோட்டில் பிஸ்டன் செட் வாங்கிவிட்டேன். ரீபோர், அதாவது சிலிண்டரின் துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடையும் வேலை, செய்பவர் கையில் பிஸ்டனைக் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டுப் போர் அடிக்கச் சொல்ல வேண்டும். போரை முதலில் அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடக் கூடாது. மூலக்கொத்தளம் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் போன் மூலமே கேட்டுவிட்டார்: "கீறல் நகத்துல மாட்டுதா?" மாட்டியது. "அப்ப கால் பத்தாது, அரை வாங்கினு வா." 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் கால், 0.50 அரை. போன பிறகு அவர் போர் கேஜை விட்டு மேலே, நடுவே, கீழே என்று அளந்து, அரைதான் சரி என்று உறுதி செய்தார்.

டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் போர்ட்டுகள் ஜன்னலாகத் திறந்திருக்கின்றன. போர் அடித்தபின் அந்த ஜன்னல்களின் ஓரம் கத்தி முனையாக நிற்கும். அதை மழுக்கிவிடாமல் பூட்டினால் ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அதில் இடித்து ஒருநாள் முறியும். நாலு ஸ்ட்ரோக் வேலை மட்டுமே செய்து பழகிய பட்டறைகளில் இதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பெரியவரிடம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சிலிண்டரைச் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பெட்ரோலால் மட்டும் துடைத்தால் போரைத் தேய்த்த ஹோனிங் கல்லின் தூள் அது போட்ட கோடுகளுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வந்தபிறகு, துருப் பிடிக்கும் முன் 2டி ஆயிலைத் தடவினேன். பிஸ்டன் தலையில் இருந்த அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். ரிங்கின் இரு முனைகளும் பள்ளத்தில் உள்ள குட்டிப் பின் மேல் சரியாக உட்கார வேண்டும், இல்லையென்றால் சிலிண்டரை இறக்கும்போதே ரிங் ஒடியும். நீடில் பேரிங் புதிது, பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப் புதிது. பழைய சர்க்ளிப்பை மறுபடி போட்டு இரண்டு ரூபாய் மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அது கழன்றால் புதுப் போர் முழுக்கக் கோடு.

சைலன்ஸர் உள்குழாயைக் கழற்றினால் ஓட்டைகளில் பாதிக்கு மேல் கரி அடைத்திருந்தது. காஸ்டிக் சோடா கரைசலில் ஊறப் போட்டுக் கழுவினேன், கையில் ரப்பர் கிளவுஸோடு. இந்தக் கரைசல் அலுமினியத்தை அரிக்கும், அதனால் இரும்புப் பாகங்களுக்கு மட்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து உலோகத்தை அரித்த மிச்சம்.

இத்தனையும் ஆள் வைத்தும் செய்துகொள்ளலாம். வண்டி மறுபடி பிடித்துக்கொள்ளாமல் இருப்பது கலவையைப் பொறுத்தது. அதில் உண்மையான சிக்கல் பங்க்கில்தான் இருக்கிறது.

கணக்கு எல்லாருக்கும் தெரியும்: லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50-க்கு 1. ஆனால் அக்கா லிட்டர் கணக்கில் பெட்ரோல் போட்டதே கிடையாது. ஏலத்துக்குப் பணம் கையில் வேண்டும், அதனால் காலையில் 50 ரூபாய்க்கு, வியாபாரம் நன்றாக இருந்தால் 100-க்கு, சில நாள் 70-க்கு. 70 ரூபாய்க்கு எத்தனை லிட்டர், அதற்கு எத்தனை மில்லி என்று விடியற்காலை நாலு மணிக்கு யார் கணக்குப் போடுவது? ஆயில் பவுச்சை வாங்கிப் பாதி ஊற்றி, மீதியை மடக்கி சீட்டுக்கடியில் சொருகுவார். அது அங்கே ஒழுகிப்போகும். அடுத்த நாள் "நேத்துதான் போட்டோமே" என்று ஆயில் இல்லாமலே ஒரு ரவுண்டு.

இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தோம். நாங்கள் கணக்குப் போட்டபோது சென்னையில் பெட்ரோல் லிட்டர் 101 ரூபாயை ஒட்டி இருந்தது. 100 ரூபாய்க்கு ஏறக்குறைய ஒரு லிட்டர், அதற்கு 20 மில்லி. அப்படியானால் ரூபாயை ஐந்தால் வகுத்தால் மில்லி. 50 ரூபாய்க்கு 10. 70 ரூபாய்க்கு 14. பெட்ரோல் விலை ஏறினால் இந்தக் கணக்கில் ஆயில் ஒரு துளி கூடுதலாகப் போகும், அதனால் பயமில்லை. விலை 90-க்கு இறங்கினால் ஆயில் குறையும், அப்போது மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கவலை நமக்கு வரட்டும், சந்தோஷமாக மாற்றிக்கொள்வோம்.

அளக்க, இருமல் மருந்து பாட்டிலின் மூடி. அதில் 5, 10 மில்லிக்குக் கோடு உண்டு. ஆயிலைச் சில்லறைப் பவுச்சாக வாங்காமல் ஒரு லிட்டர் டப்பாவாக வாங்கி, அதிலிருந்து சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்து மூடியோடு வண்டியின் டூல் பையில் வைத்தாயிற்று. அந்தப் பாட்டிலில் எழுத்தாக எதுவும் இல்லை, 50-க்கு ஒரு மூடி, 100-க்கு இரண்டு மூடி என்று அக்காவே பெயிண்டால் புள்ளி வைத்துக்கொண்டார்.

அளவுக்கு அடுத்தது வரிசை. பங்க்கில் முதலில் பெட்ரோலைப் போட்டுவிட்டு அதன் தலையில் ஆயிலைக் கவிழ்ப்பது வழக்கம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம் எடை, 2டி ஆயில் 870 கிராமை ஒட்டி. கனமான ஆயில் நேராக அடியில் இறங்கி டேப் வாய்க்குப் போய்விடும். முதல் இரண்டு தெருவுக்குப் புகை மண்டலம், பிளக் நனைந்து வண்டி நின்றுவிடும், அதற்கப்புறம் வருவது ஆயில் குறைந்த பெட்ரோல். இப்போதைய 2டி ஆயில்களில் சீக்கிரம் கரைவதற்குக் கரைப்பான் சேர்த்திருக்கிறார்கள், இருந்தாலும் கலக்க ஒரு குலுக்கல் வேண்டும். எனவே டேப்பை மூடி, ஆயிலை முதலில் ஊற்றிவிட்டு, அதன் மேல் பம்ப் பைப்பின் வேகத்தில் பெட்ரோலை விழச் சொல்ல வேண்டும். அந்த வேகமே பாதி கலக்கிவிடும். மூடியைப் போட்டு வண்டியை இடதும் வலதுமாக நாலு தடவை சாய்த்தால் மீதியும் கலந்துவிடும். வரிசையில் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

வீட்டிலேயே கலக்கி வைப்பவர்களுக்கு இரும்பு ஜெர்ரி கேன்தான் சரி. பாதிப் பெட்ரோல், முழு ஆயில், குலுக்கல், மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். ஆனால் இ20 வந்தபின் கலக்கி மாதக்கணக்கில் வைப்பதை நான் விட்டுவிட்டேன். மழைக்காலத்தில் புல் வெட்டும் மெஷினுக்குக் கலக்கியதுகூட ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுதான். புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் ரம்பம் வைத்திருப்பவர்கள் அந்தந்த மெஷினில் எழுதியிருக்கும் விகிதத்தைப் பார்க்க வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40-க்கு 1 என்றால் 25, 25-க்கு 1 என்றால் 40. ஆயிரத்தை அந்த எண்ணால் வகுத்தால் போதும்.

ரீபோர் செய்த இன்ஜினுக்கு ஆரம்பத்தில் ஆயில் கூட்டிப் போடச் சொல்வார்கள். நான் லிட்டருக்கு 25 மில்லியோடு நிறுத்தினேன். "50 ஊத்து, புதுப் போருக்கு நல்லது" என்றார் எதிர்வீட்டு அண்ணன். ஆயிலைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்பது பாதி உண்மைதான். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் ஓட்டை ஒரே அளவு, அதன் வழியாக ஆயில் அதிகம் போனால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது. பெட்ரோல் குறைந்து காற்று அதிகமானால் இன்ஜின் சுடும். அதோடு கரி, நனைந்த பிளக், அடைத்த சைலன்ஸர்.

பெட்ரோல் குறைவு என்னும் இதே தொல்லையை எத்தனாலும் தருகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிராம் போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. பழைய பெட்ரோலுக்கு அளந்து வைத்த ஜெட்டில் இ20 ஓடும்போது இன்ஜினுக்குக் காற்று கூடுதலாகத் தெரியும். ஃபேக்டரியிலிருந்தே இ20-க்காக வந்த வண்டிகளுக்கு இது பிரச்சினை இல்லை, அக்காவின் எக்ஸெல்லின் வயசுக்கு இருக்கிறது. மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டினேன். ஓட்டிப் பார்த்து, வேகத்திலேயே இன்ஜினை நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது முன்பு வெளிறியிருந்த பீங்கான் லேசான பழுப்பில் இருந்தது. ஐட்லிங்கில் வைத்துக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை இன்டேக் இணைப்புகளைச் சுற்றி அடித்தேன், சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காற்று ஓட்டை கிடையாது.

முதல் சில நாட்கள் பாதி சுமை, ஒரே வேகத்தில் நீளமாக ஓட்டாமல் முறுக்கியும் விட்டும் ஓட்டச் சொன்னேன். அக்கா கேட்டார். நொச்சிக்குப்பம் கல்யாணத்துக்கு இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது எனக்குப் பிறகுதான் தெரியும், வண்டி தாங்கியது.

பெட்ரோல் டேங்க் மூடிக்குப் புது ரப்பர், மழை வந்தால் மேலே கட்ட ஒரு பாலிதீன் உறை. ஒரு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் டேப்பை மூடி, ஃப்ளோட் பவுலில் உள்ளதை ஓட்டித் தீர்த்துவிட வேண்டும். நின்ற வண்டியை எடுக்கும்போது முதலில் ரிசர்வில் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். அடுக்கு தெரிந்தால் டேங்க் முழுக்க வடித்துவிட வேண்டும். மேலே இருப்பது நல்லதுதானே என்று வைத்துக்கொள்ளக் கூடாது, எத்தனால் போனபின் அது தரம் குறைந்த பெட்ரோல்.

வண்டி ஓடுவதைப் பார்த்து இன்னொரு மீன்காரர் தன் எக்ஸெல்லைக் கொண்டுவந்து, அதே மூடிக் கணக்கைக் கேட்டார். அவருடையது எக்ஸெல் 100. 2015-இல் வந்த அந்த மாடல் நான்கு ஸ்ட்ரோக், அதன் ஆயில் இன்ஜினுக்கு அடியில் தனியாக இருக்கிறது. பெட்ரோலில் 2டி கலந்தே பல மாதம் ஓட்டியிருக்கிறார், பிளக் தார் பூசியது போல் கறுத்திருந்தது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் இருக்க வேண்டிய இடத்தில் ஆயில் இல்லை. ஊற்றி அனுப்பினேன்.

அக்காவின் வண்டிக்குக் கிளட்ச் பக்க ஆயில் சீல் இன்னும் பாக்கி. சீல் வாங்கி வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வியாபாரம் குறைவாக இருக்கும், வண்டியை விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.